வேரின் அழைப்பு

(வில்கமுவையில் நிகழ்த்திய உரை)



நமக்கு அண்மையிலுள்ள வஸ்கமுவக் காட்டிலே பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கின்றன. அவற்றுக்கு உரமிட்டவர் யார்? ஒருவருமிலர். மண்ணிலுள்ள பொசுபரசு மண்துணிக்கைகளை இறுகப் பற்றிக் கிடப்பதால் வேருக்கு எளிதில் எட்டுவதில்லை. மயிரினும் நுண்ணிய இழைகளையுடைய பங்கசுகள் வேரிலே குடிபுகுந்து, எட்டாத பொசுபரசைத் திரட்டி மரத்துக்குக் கொடுக்கின்றன. மரமோ தன் இலைகள் ஆக்கிய வெல்லத்தை அவற்றுக்கு அளிக்கின்றது. செருமனிய அறிஞர் பிராங்க் 1885 ஆம் ஆண்டில் இவ்வுறவுக்குப் 'பங்கசுவேர்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இருண்ட மண்ணிலே பங்கசு வேரை எவ்வாறு கண்டுகொள்கின்றது? இங்கேதான் தாவர ஓமோன்களின் பணி தொடங்குகின்றது. பொசுபரசுக்குப் பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் ஓமோனை மண்ணிற் கசியவிடுகின்றது. அதை உணர்ந்த பங்கசின் இழை கிளைவிட்டுப் பெருகி வேரைச் சேர்கின்றது. யப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை 2005 இல் காட்டினர். 1966 இலேயே இவ்வகைப் பொருளொன்று பருத்தி வேரிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆயின், பயிரின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களையின் வித்தை முளைப்பிப்பதென்றே அன்று அறிந்தனர். நண்பனை அழைக்கும் குரலைக் கள்வனும் கேட்கின்றான்! இதுவே கிளைகள் பெருகாது அடக்கும் ஓமோன் என்பது 2008 இல் தெளிவாயிற்று. பசித்த செடி மேலே சிக்கனம் பிடித்துக் கீழே துணை தேடுகின்றது.

அழைத்த விருந்தினரையும் அளவோடுதான் உள்ளே விடவேண்டும். பொப்லார் மரத்திலே யசுமோனிக்கமிலம் என்னும் ஓமோன் பங்கசு வேரினுட் பரவுவதைத் தடுக்கின்றது. லக்காரியா என்னும் காளான் ஒரு புரதத்தை அனுப்பி அத்தடையைத் தளர்த்துவதை 2014 இல் கண்டறிந்தனர்.

அன்பர்களே, பசி நீங்கினால் அழைப்பும் ஓயும். பொசுபேற்று உரம் மிதமிஞ்சிய மண்ணிலே வேர் தன் குரலை அடக்கிவிடுகின்றது. உரத்தை ஒரேயடியாகத் தள்ளுக என்று யான் கூறவில்லை. 2021 ஆம் ஆண்டின் தடையால் நம் விவசாயிகள் பட்ட பாட்டை நாடறியும். அளவறிந்து இடுக என்பதே என் வேண்டுகோள்.

நம் வாலிபர்கள் மரம் நடும்போது குழியில் உரத்தைக் குவியாது, அதே இனத்து முதிர்ந்த மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண்ணைச் சேர்ப்பார்களாக. மேல்மண்ணைச் சுரண்டாதிருப்பார்களாக. ஆலயத்துத் தலவிருட்சத்தின் அடிவரை சீமெந்து பூசி அதன் வேர்களை அடைத்துவிடாதிருப்போமாக. மரத்துக்கு நீர் வார்ப்பது புண்ணியம். மண்ணுக்குள் இருக்கும் அதன் தோழனைக் காப்பதும் அப்புண்ணியத்திற் சேர்ந்ததே.