புதுசுக்குக் குளிர், பழசுக்குச் சூடு

(தோட்ட மகளிர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மழை பெய்த மலையில் கால் வழுக்கிச் சுளுக்குவது, கூடை பாரத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்வது, நாள் முழுக்க நின்று இடுப்பு வலிப்பது, இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. வலி என்றதும் நாம் என்ன செய்கிறோம்? எந்த வலியானாலும் சுடுதண்ணி ஒத்தடம்தான். அங்கேதான் பிழை நடக்கிறது.

இப்போதுதான் சுளுக்கிய காலுக்குச் சூடு வைத்தால் அந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடி, வீக்கம் இன்னும் ஏறும். அடிபட்ட முதல் இரண்டு நாளும் குளிர் ஒத்தடமே வேண்டும். வீக்கமில்லாத பழைய இடுப்பு வலி, தோள் பிடிப்பு என்றால் சூடு நல்லது. புதுசுக்குக் குளிர், பழசுக்குச் சூடு. இதை மனதில் வைத்தால் போதும்.

குளிர் ஒத்தடத்துக்கு நம் லயத்தில் பிரிட்ஜ் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பீலித் தண்ணியே நல்ல குளிர். துவாயை நனைத்துப் பிழிந்து சுற்றி, சூடேறியதும் மறுபடி நனையுங்கள். கீழ்நாட்டுத் தோட்டங்களில் கடையில் பிள்ளைகள் வாங்கும் ஐஸ் பக்கட் இரண்டை வாங்கித் துணியில் சுற்றிக்கொள்ளலாம். ஐஸ் நேரே தோலில் படக்கூடாது. 15 நிமிஷம் வைத்தால் போதும், 20 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு மறுபடி வைக்கலாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

சூட்டுப் பைக்கு, பழைய பருத்திக் காலுறையோ தடித்த துணிப் பையோ ஒன்று எடுங்கள். இரண்டு சுண்டு அரிசியைத் தாச்சியில் எண்ணெயில்லாமல் மெதுவான நெருப்பில் கிளறிச் சூடாக்குங்கள். கருகவிடக்கூடாது. பையில் முக்கால்வாசி போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அரிசி விற்கிற விலையில் அதைச் செலவாக்க மனமில்லையென்றால் உப்புக்கல்லும் உதவும். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுள்ளென்று சுட்டால் கொஞ்சம் ஆறவிட்டு, துணி ஒன்றைப் போட்டு அதன்மேல் 15 நிமிஷம் வையுங்கள். பையை வைத்தபடி தூங்கிவிடாதீர்கள். அதே அரிசியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். ஈரம் படாமல் டின்னில் போட்டு வையுங்கள். பூஞ்சணம் பிடித்தால் வீசிவிடுங்கள்.

வெறும் கண்ணாடிப் போத்தலில் கொதிதண்ணி ஊற்றி ஒத்தடம் கொடுக்கவே வேண்டாம். போத்தல் வெடித்தால் சுளுக்கோடு தீப்புண்ணும் சேரும்.

சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்களுக்குச் சூடும் குளிரும் உறைக்காது, தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்கள் கேட்காமல் வைக்கக்கூடாது. வெட்டுக் காயத்துக்கும், சிவந்து கொதிக்கும் இடத்துக்கும், காரணம் தெரியாத வயிற்று வலிக்கும் சூடு வைக்கக்கூடாது. சுடுதண்ணி பட்ட புண்ணுக்கு ஐஸ் வேண்டாம், ஓடுகிற தண்ணியில் 20 நிமிஷம் பிடியுங்கள்.

குளவி ஒன்று கொட்டினால் குளிர் ஒத்தடம் வலியைக் குறைக்கும். ஆனால் பல குளவி கொட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ ஒத்தடம் தேடி நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளவி கொட்டி நாம் இழந்த உயிர்கள் உண்டு. பாம்புக் கடிக்கும் ஒத்தடம் கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக ஒன்று. ஒத்தடம் வலியைத் தணிக்கும், முறிந்த எலும்பைச் சேர்க்காது. காலை ஊன்ற முடியாவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்கள். பேர் போகுமே என்று பயந்து வீங்கின காலோடு மலை ஏறினால், ஒரு நாள் பேரைக் காப்பாற்றப் போய் ஒரு மாதப் பேரை இழக்க நேரிடும். நம் கையும் காலும்தான் நம் சொத்து. அதை நாமே பார்த்துக்கொள்வோம்.