தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆணை விரும்பும் ஆண்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் இந்தப் பேச்சை எடுக்கவே நமக்குக் கூச்சம். அதனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் சாதாரண விவரம்கூட அவர்களை எட்டுவதில்லை.

ஆணுறை அணிபவர்களில் சிலர், வழவழப்புக்காக வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தடவிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பசை பட்டால் லேட்டக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும், கிழிந்தும் போகும். மருந்துக்கடையில் கேட்டால் எண்ணெய் கலக்காத, தண்ணீர் சேர்ந்த ஜெல் தருவார்கள். அதுதான் சரி.

கிழிந்தே விட்டதா? நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தடுப்பு மாத்திரையைத் தொடங்க 72 மணி நேரம் இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் மாத்திரையை 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்று பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். அடிக்கடி ஆபத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சாப்பிடும் ‘பிரெப்’ மாத்திரையும் உண்டு.

ஆணை விரும்பும் ஆண்களில் மனைவியோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இரண்டு உயிர் சம்பந்தப்பட்டது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். மேகநோய்க்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆகவே மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். சந்தேகம் கேட்க, கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097.