கறுப்புத் திரையில் ஓர் அரட்டை அறை

(ஜூன் மாத ஞாயிறு சந்திப்பில், சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் நம் பி பிளாக் குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பு என்ன என்று செயலாளர் கேட்டார். "டெர்மினலில் சாட் செய்வது" என்றேன். "யார் வருவாங்க?" என்றார். முப்பது பேர் வந்திருக்கிறீர்கள். சுண்டலுக்கும் அதில் பங்கு இருக்கலாம். இருக்கட்டும்.

நம்மில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். ஆபீஸ் பேச்சு முழுக்க சாட் அறைகளில்தான். அதற்கென்று நாம் திறந்து வைக்கும் செயலிகள் பலவற்றுக்குள் ஒரு முழு பிரவுசரே ஒளிந்திருக்கிறது. நாலு வரி எழுத்தைக் காட்ட அவ்வளவு பெரிய வண்டி. பழைய லேப்டாப் என்றால் ஃபேன் ஓடும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் சாட் என்பது அடிப்படையில் எழுத்து வரிகள்தான்: யார் சொன்னார், எப்போது சொன்னார், என்ன சொன்னார். இந்த மூன்றைக் காட்ட கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் போதும்.

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் எழுதிய ஐஆர்சி, இந்த வகையில் மூத்தவற்றுள் ஒன்று. ஸ்லாக்கில் அறைப் பெயருக்கு முன்னால் ஒரு # குறி வருகிறதே, அந்த வழக்கம் ஐஆர்சியில் இருந்து வந்தது. ஐஆர்சிக்கு டெர்மினலில் ஓடும் கிளையண்ட்களில் இரண்டு பிரபலம். ஒன்று இர்சி, டிமோ சிராய்னென் என்ற இன்னொரு பின்லாந்துக்காரர் 1999-இல் வெளியிட்டது. மற்றது வீசாட், 2003-இல் தொடங்கியது. இரண்டும் இலவசம், இரண்டும் இன்றும் பராமரிக்கப்படுகின்றன. நான் இர்சி கட்சி.

பயன்படுத்துவது எப்படி என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரையின் அடியில் ஒரு வரி இருக்கும். அதில் அடிப்பது அறைக்குப் போகும். சாய்கோட்டில் தொடங்கினால் அது கிளையண்ட்டுக்கான கட்டளை. சாய்கோடு போட்டு கனெக்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து சர்வர் முகவரி கொடுத்தால் இணைப்பு. ஜாயின் போட்டு அறைப் பெயர் கொடுத்தால் உள்ளே போகலாம். எம்எஸ்ஜி என்றால் ஒருவரோடு மட்டும் தனிப் பேச்சு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு எண். ஆல்ட் பட்டனோடு அந்த எண்ணை அழுத்தினால் அறை மாறும். வேறு அறையில் யாராவது பேசினால் அதன் எண் கீழே மின்னும், அவ்வளவுதான். டிங் டிங் கிடையாது. இந்த அமைதிக்காகவே நான் இதில் ஒட்டிக்கொண்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஐஆர்சி சர்வர் பொதுவாகப் பழைய பேச்சை எடுத்து வைக்காது. நீங்கள் அறையில் இல்லாதபோது பேசியது உங்களுக்குக் கிடைக்காது. அதனால் கிளையண்ட்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினில் போட்டுவிடுவது வழக்கம். என் வீட்டில் ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை இருக்கிறது, பவர் பேக்கப் லைனில். அதில் டிமக்ஸ் என்ற புரோகிராம், அதற்குள் இர்சி. கன்ட்ரோல்-பி அடித்துப் பிறகு டி அடித்தால் நான் வெளியே வந்துவிடுவேன். இர்சி உள்ளேயே இருக்கும். ஊருக்குப் போனாலும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். ரயிலில் சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் இடத்திலும் இது ஓடும், ஏனென்றால் போய் வருவது வெறும் எழுத்து.

இர்சியில் ஆட்டோலாக் என்ற அமைப்பை ஆன் செய்தால், அறைக்கு ஒரு ஃபைலாக எல்லாப் பேச்சும் என் மெஷினிலேயே சேரும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். கிரெப் என்ற கட்டளையில் ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் வந்த எல்லா வரியும் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு என்றாலும் சரி.

இதைப் பெரிய அளவில் செய்பவர்கள் விக்கிப்பீடியாவின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவினர். நாம் ஃபோனில் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த சர்வர்களில்தான் இருக்கிறது. அவர்கள் வேலை பேசும் அறை ஐஆர்சியில், லிபெரா சாட் என்ற நெட்வொர்க்கில் இருக்கிறது. ஒரு சர்வரில் கை வைக்கும்போது, ஆச்சரியக்குறி போட்டு லாக் என்று அடித்து, என்ன செய்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுவார்கள். அறையில் காத்திருக்கும் ஒரு பாட் அந்த வரியை மட்டும் எடுத்து, பெயரும் நேரமும் சேர்த்து, ஒரு விக்கிப் பக்கத்தில் போடும். அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் படிக்கலாம். நடுராத்திரியில் ஏதாவது விழுந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்: கடைசியாக யார் எதைத் தொட்டார்கள்?

அந்த அறை அவர்களுடைய சொந்த சர்வரில் இல்லை என்பதையும் கவனியுங்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஞாபகம் இருக்கிறதா? 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. நம் வாட்ஸ்அப் குரூப் அமைதியாக இருந்த ஒரே இரவு. கோளாறைக் கண்டுபிடிக்க அவர்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் கருவிகள் பலவும் சேர்ந்தே விழுந்துவிட்டன என்று அந்த நிறுவனமே பிறகு எழுதியது. தீயணைப்பு வண்டியின் சாவி எரிகிற வீட்டுக்குள் இருந்த கதை.

அப்படியானால் எல்லா சாட்டையும் டெர்மினலுக்கு மாற்றிவிடலாமா? முடியாது. அறையின் சொந்தக்காரர் கதவைத் திறந்து வைத்தால்தான் நம் கிளையண்ட் உள்ளே போகும். ஸ்லாக் தொடக்க காலத்தில் ஐஆர்சிக்காரர்களுக்கு ஒரு வழி விட்டிருந்தது. 2018 மே 15 அன்று அதை மூடிவிட்டது. ஹிப்சாட் அதைவிட மோசம். 2019 பிப்ரவரியில் சேவையே நின்றது. இதற்கு மாறாக, 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கில் நிர்வாகத் தகராறு வந்து, நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். என்னைப் போன்றவர்கள் செய்தது, இர்சியில் சர்வர் முகவரியை மாற்றியது. பெயரைப் புதிதாகப் பதிவு செய்தது. அதே கிளையண்ட், அதே கட்டளைகள், பழைய லாக் ஃபைல்கள் எல்லாம் கையில்.

ஆபீஸில் ஜூலிப் பயன்படுத்துபவர்களுக்கு அவர்களே ஒரு டெர்மினல் கிளையண்ட் தருகிறார்கள். ஸ்லாக்குக்கு வீசாட்டில் ஒரு பிளக்-இன் உண்டு. ஆனால் உங்கள் ஐடி துறையைக் கேட்காமல் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அங்கீகாரம் இல்லாத கிளையண்ட் போட்டால் கணக்கையே முடக்கக்கூடும். வேண்டாம்.

தமிழ்? ஓரளவு. ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "வணக்கம்" என்றாலே 21 பைட். போதாததற்கு, பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். இதில் எனக்கு வருத்தம்தான்.

இனி நம் வீட்டு விஷயம். நம் குரூப்பை ஐஆர்சிக்கு மாற்றச் சொல்ல நான் வரவில்லை. கோலப் படம் போட முடியாத இடத்துக்கு ஏ பிளாக் மாமிகள் வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். ஆனால் ஏப்ரல், மே லாரித் தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். சப்ளையர் பில்லில் 41 லோடு, கேட் நோட்டில் 34. ஏழு லோடு எங்கே என்று இரண்டு கூட்டம் சண்டை. பொருளாளர் மேல் சந்தேகப்பட்டுக்கூடச் சிலர் பேசினார்கள். அவர் ராஜினாமா கடிதமே எழுதிவிட்டார்.

நான் செய்தது கிரெப் வேலைதான். வாட்ஸ்அப்பில் எக்ஸ்போர்ட் சாட் என்று ஒரு வசதி இருக்கிறது. மீடியா வேண்டாம் என்று கொடுத்தால் முழுக் குரூப்பும் டெக்ஸ்ட் ஃபைலாக வரும், வரிக்கு வரி தேதி, நேரம், பெயரோடு. அதில் லாரி, டேங்கர், லோடு, சம்ப் ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், நாம் எழுதும் எல்லா எழுத்துப் பிழையோடும் தேடினேன். ஐந்து லோடு கிடைத்தது. எல்லாம் இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வந்தவை. "லாரி வந்தாச்சு, சம்ப் மூடியைத் திறங்க" என்று விழித்திருந்தவர்கள் போட்டிருக்கிறார்கள். புது வாட்ச்மேன் நோட்டில் எழுதவில்லை. மீதி இரண்டு கிடைக்கவில்லை. ஒருவேளை வாய்ஸ் நோட்டில் இருக்கலாம். எக்ஸ்போர்ட்டில் அது "மீடியா விடப்பட்டது" என்ற ஒரு வரிதான், தேடவே முடியாது. 39 லோடுக்குப் பணம் கொடுத்தோம். கடிதம் திரும்பிவிட்டது.

ஆகவே பராமரிப்புக் குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அவர்களுக்கென்று உள்ள சின்ன குரூப்பில், லாரி வந்தால் ஆச்சரியக்குறி போட்டு "லாரி" என்று தொடங்கி, வண்டி எண்ணும் லிட்டரும் ஒரே வரியில் எழுதுங்கள். ஜென்செட்டுக்கு டீசல் ஊற்றினாலும், மோட்டாரைக் கழற்றினாலும் அப்படியே. வாய்ஸ் நோட் வேண்டாம். மாதக் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்து எனக்கு அனுப்பினால் பட்டியல் எடுத்துத் தருகிறேன். பாட் எதுவும் தேவையில்லை, நானே பாட்.

கேள்வி நேரத்தில் சி பிளாக் பெரியவர் ஒருவர், கம்ப்யூட்டர் இல்லாமல் ஃபோனிலேயே இந்தக் கறுப்புத் திரை வருமா என்று கேட்டார். ஆண்ட்ராய்டு என்றால் வரும் சார். டெர்மக்ஸ் என்ற செயலி போதும், அதற்குள்ளேயே இர்சியை நிறுவலாம். அடுத்த சனிக்கிழமை மாலை 5 மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன், ஃபோனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். எழுத்து சிறியதாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும்.