குலுக்கலில் நிச்சயம் உண்டா?

 

இன்று வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் எந்த வெளிநாட்டுக்கும் போய் வந்தவள் இல்லை. போக ஆசைப்பட்டுத் தயாரானவள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நம் மையத்துக்கு வரும் சிலருக்கு இது தெரியும். அவர்களும் இந்தக் கதையில் வருகிறார்கள்.

தோளில் ஒரு பை. கையில் பாஸ்போர்ட். ஒரு நாட்டுக்குப் போகிறோம். அங்கே தோட்டத்தில் பழம் பறிக்கிறோம். ஓட்டலில் பரிமாறுகிறோம். கிடைக்கும் சம்பளத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறோம். ஓராண்டு முடிந்ததும் வீடு திரும்புகிறோம். பல நாட்டு இளைஞர்கள் இப்படிப் போய் வருகிறார்கள். வேலையும் உண்டு. விடுமுறையும் உண்டு.

ஆஸ்திரேலியா நாடு 1975இல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலில் பிரிட்டன், கனடா, அயர்லாந்து இளைஞர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. பிறகு பல நாடுகள் சேர்ந்தன. 2022இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்திய இளைஞர்கள் ஆண்டுக்கு 1,000 பேருக்கு இந்த விசா தருவதாக அதில் சொல்லியிருந்தார்கள். 2024இல் அது நடைமுறைக்கு வந்தது.

இதை அறிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வயது 23. கல்யாணம் ஆகவில்லை. ஒரு வருஷம் உலகம் பார்த்தால் என்ன? இந்த ஆசை தப்பா? தப்பே இல்லை. ஆனால் ஆசை வந்த வேகத்தில் நான் ஒரு ஏஜெண்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவர் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். “விசா நூற்றுக்கு நூறு நிச்சயம். படிப்பு தேவையில்லை” என்று அதில் அச்சடித்திருந்தது. மொத்தம் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார். முன்பணம் இருபதாயிரம். அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அடகு வைப்பதாக இருந்தோம்.

அன்று இரவு வழக்கம்போல் மையத்துக்கு வந்தேன். வாசிப்புப் பயிற்சிக்கு எதையாவது கொண்டுவருவது நம் பழக்கம் அல்லவா? பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, மின்சார பில் என்று எதையும் வாசிப்போம். அன்று என் பையில் அந்த நோட்டீஸ்தான் இருந்தது. அதையே வாசிக்கக் கொடுத்தேன்.

முன்வரிசையில் ஓர் அக்கா இருப்பார். ஆறு மாதத்துக்கு முன் கைநாட்டு வைத்தவர். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். “நிச்... ச... யம்.” பிறகு தலை நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

“ஏன் கண்ணு, நிச்சயம்னு போட்டிருக்கே. விசா கொடுக்கிறது யாரு? இவரா, அந்த ஊரு சர்க்காரா?”

என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

மறுநாள் அடகுக் கடைக்குப் போகவில்லை. இன்டர்நெட் கடைக்குப் போனேன். ஆஸ்திரேலிய அரசின் பக்கத்தைத் தேடி மெதுவாக வாசித்தேன். அங்கே இருந்தது இதுதான்:

வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு மேற்படிப்பு முடித்திருக்க வேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரிய வேண்டும். செலவுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். அது நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். விமானக் கட்டணம் தனி. குழந்தைகளை உடன் அழைத்துப் போக முடியாது.

இன்னொன்றும் இருந்தது. இந்தியர்களைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பெயரைப் பதிய வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். குலுக்கலில் எவரால் நிச்சயம் சொல்ல முடியும்?

ஏஜெண்டிடம் திரும்பப் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “மேற்படிப்புச் சான்றிதழ்தானே? ஏற்பாடு பண்ணிடலாம்மா” என்றார். எழுந்து வந்துவிட்டேன். பொய்ச் சான்றிதழ் என்று கண்டுபிடித்தால் விசா கிடைக்காது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் கதவு மூடிவிடலாம். பணம் போகும், பெயரும் கெடும்.

நண்பர்களே, தகுதி உள்ள தம்பி தங்கைகள் தாராளமாகப் போகட்டும். ஆனால் தயாராகிப் போகட்டும். சில விஷயங்களைச் சொல்கிறேன்.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக் கூடாது. “போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வேலை விடுமுறை விசாவிலும் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம்தான் வேலை செய்யலாம்.

பாஸ்போர்ட், விசா, காப்பீடு எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். ஒரு நகல் பையில், ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம்.

நமக்குக் கோடைக்காலம் என்றால் அவர்களுக்கு அது கோடை இல்லை. அங்கே டிசம்பர், ஜனவரியில் வெயில். ஜூன், ஜூலையில் குளிர். அதற்கு ஏற்பத் துணி எடுங்கள். பை சுமக்கிற அளவில் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, விதை கொண்டுபோனால் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

அங்கே போனதும் வரி எண் வாங்க வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி வெளிநாட்டவருக்கும் உண்டு. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டாம். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் எண் 000. ஆங்கிலம் தடுமாறினால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். தமிழிலும் பேசலாம்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று முதலில் பாருங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வேலை ஒப்பந்தத்தை வாசிக்காமல், அல்லது நம்பிக்கையானவரை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்காமல், கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக் கற்றுக்கொண்டது எதற்கு? கண்ட தாளில் போடுவதற்கா?

என் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்மாவின் சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கிறது. நான் இந்த ஆண்டு அஞ்சல் வழியில் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முடிக்கும்போது வயது 26 ஆகும். அப்போதும் எனக்கு நேரம் இருக்கிறது. குலுக்கலில் பெயர் வரலாம், வராமலும் போகலாம். படிப்பு என்னிடம் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நோட்டீஸ் இருக்கும். வேலை நோட்டீஸ், சீட்டு நோட்டீஸ், கடன் நோட்டீஸ், எதுவானாலும் நாளை இரவு கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம். முதல் கேள்வியை அந்த அக்காவே கேட்பார்.