கீழ்ச்சுரத்துக்கு ஓர் ஆள்

முன்னாளில் கோயில் வீதியிலே நாகசுரக் கச்சேரி கேட்டவர்கள் ஒருவரைப் பார்த்திருப்பார்கள்; ஆனால் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். அவர் கையிலும் நாகசுரத்தை ஒத்த நீண்ட குழல் ஒன்று இருக்கும். ஆனால் அவர் விரல்கள் அதன்மேல் ஓடுவதில்லை. இராகம் கிடையாது, சங்கதி கிடையாது. தொடக்கம் முதல் மங்களம் வரை ஒரே சுரம். மூக்கினால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றைக் குழலுக்குள் செலுத்தி, ஒலி அறாமல் காத்து நிற்பார். அக்கருவிக்கு ஒத்து என்று பெயர். நாகசுரம் பயில வந்த சிறுவர்களை முதலில் ஒத்து ஊதவிடுவது வழக்கமாக இருந்தது. மூச்சும் சுருதியும் நிலைபெறாதவனுக்கு இராகம் எதற்கு என்பது அக்கால ஆசிரியர்களின் எண்ணம். பிற்காலத்தில் சுருதிப்பெட்டி வந்தது. ஒத்து ஊதுபவர் மேடையை விட்டு இறங்கினார். அவர் போனதைப் பற்றி அதிகம் பேர் வருந்தியதாகத் தெரியவில்லை.

இக்காலத்து இசைக்குழுக்களில் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பவர் பேஸ் கிற்றார் வாசிப்பவர். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒத்து நிற்கும், பேஸ் நடக்கும். இக்கருவிக்குப் பொதுவாக நான்கு தந்திகள். அவற்றுள் மிகத் தடித்தது வினாடிக்கு 41 முறை அளவில் அதிர்வது. சாதாரணக் கிற்றாரின் தடித்த தந்தி அதனிலும் இருமடங்கு விரைவாக அதிரும். 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்து பரவச் செய்தார். அதற்குமுன் இவ்வேலையைச் செய்து வந்தது, வயலின் இனத்தைச் சேர்ந்த, ஆள் உயரத்தையும் மிஞ்சிய பெருங்கருவி. அதை வாசிப்பதைவிட வண்டியில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடு.

பொழுதுபோக்காக இசைக்குழு தொடங்கும் வாலிபர்களிடையே இக்கருவியை விரும்பிக் கேட்டு வாங்குபவர் அரியர். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவிலேயே இதுதான் கதை. 1961 இல் அக்குழுவின் பேஸ் வாசிப்பாளர் விலகியபோது, மற்றவர்கள் பின்வாங்கியதால் அப்பொறுப்பு போல் மக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. வேறு வழியின்றி ஏற்ற கருவியே பின்னர் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இதனை நம் ஊரொன்றில் வைத்து எண்ணிப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைப் பக்கம் போகும் நேயர்கள் புளியங்கூடல் என்னும் ஊரை அறிவார்கள். பனையும் தோட்டமும் கோயில்களும் உள்ள தீவகக் கிராமம். அங்கே திருவிழாக் காலம் நெருங்குகிறது. கடைசி இரவில் மெல்லிசை நிகழ்ச்சி ஒன்று நடத்த வேண்டும் என்று ஐந்தாறு இளைஞர் கூடுகிறார்கள் என்று கொள்வோம். ஒத்திகைக்கு இடம் வாசிகசாலை. பாடுவதற்கு இருவர் முந்துகிறார்கள். கிற்றாருக்கு மூவர். கீபோட்டுக்கு, வீட்டில் அது வைத்திருப்பவர். ட்ரம்ஸுக்கு, எந்த மேசையைக் கண்டாலும் விரலால் தட்டும் ஒருவர். எஞ்சி நிற்பவன் கையில், எவரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன பேஸ் கிற்றார் கொடுக்கப்படுகிறது. "தம்பி, நாலு தந்திதானே, சுகம்" என்று ஆறுதலும் சொல்லப்படுகிறது.

நாலு தந்திதான். ஆனால் அத்தந்திகள் தடித்தவை. கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி அதிகம். முதல் வாரத்திலேயே விரல் நுனி கொப்புளித்துவிடும். அது பெரிய கஷ்டமன்று, இரண்டாம் மாதத்தில் தோல் தடித்துவிடும். உண்மையான கஷ்டம் ஒத்திகையிலேதான் தொடங்குகிறது.

வீட்டில் தனியே பயில்வது வேறு, குழுவோடு ஒத்திகை பார்ப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் எத்தனையோ குழுக்களின் மாலைப்பொழுதுகள் வீணாகின்றன. தன் பகுதியை ஒத்திகைக்கு வந்து கற்பவன் மற்ற ஐவரின் நேரத்தையும் தின்கிறான். பேஸ் வாசிப்பவனோ, தன் பகுதியை நன்றாகப் பாடம் செய்து வந்தாலும், வந்த இடத்தில் அதில் பாதியைக் கைவிட வேண்டியவனாகிறான். பைலாவை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக இலங்கையில் வேரூன்றி, தமிழ்ப் பொப் பாடல்களிலும் புகுந்துவிட்ட அந்தத் துள்ளல் நடையில் எண்ணிக்கை ஆறு. மூன்று மூன்றாக இரண்டு பகுதி. புதிதாக வாசிப்பவன் ஆறு எண்ணிக்கையிலும் ஆறு சுரம் போட்டு நிரப்புவான். விரல் ஓடுகிறது என்ற மகிழ்ச்சி அவனுக்கு. ட்ரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு எங்கே விழுகிறது என்பதை அவன் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. அம்முரசின் அடியும் தந்தியின் சுரமும் ஒரே கணத்தில் விழுந்தால் அவை இரண்டு ஒலியாகத் தோன்றா. நிலத்திலிருந்து எழுந்த ஒரே ஒலியாகத் தோன்றும். ஒரு மயிரிழை விலகினாலும் பாட்டு நொண்டும். ஏன் நொண்டுகிறது என்று சபையிலுள்ளவருக்குச் சொல்லத் தெரியாது. பாடகரைத்தான் குறை சொல்வார்கள்.

ஆகவே ஒத்திகையில் அவன் கற்க வேண்டிய முதற்பாடம் குறைத்து வாசிப்பது. இரண்டாவது, வாசித்த சுரத்தை உரிய இடத்தில் நிறுத்துவது. தந்தியை மீட்டுவதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையேனும் அதை அடக்கும் விரலுக்குக் கொடாதவன் வாசித்தால், சுரத்தின்மேல் சுரம் விழுந்து குழம்பும். நம் மிருதங்க வித்துவான்களுக்கு இது புதிய செய்தியன்று. தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அப்பி, அதன் அளவைக் கூட்டியும் குறைத்தும், எவ்வளவு கும்கி வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் ஒலியைக் கொணர்பவர்கள் அவர்கள். கீழ் ஒலி என்பது காட்டாற்றைப் போன்றது. கரை கட்டாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

வாசிகசாலை அறையும் தன் பங்குக்கு விளையாட்டுக் காட்டும். கீழ்ச்சுரங்களின் ஒலியலை மிக நீளமானது. நாம் சொன்ன தடித்த தந்தியின் அலை ஒன்றின் நீளமே ஏறத்தாழ 27 அடி. அடுத்த தந்தி 55 அதிர்வுடையது. அதன் அலை 20 அடிக்குச் சற்று மேல். அறையின் நீளமும் 20 அடியாக வாய்த்துவிட்டால், அத்தந்தியின் ஒலி இரண்டு சுவர்களின் ஓரத்திலும் அறையின் நடுவிலும் பெருகி முழங்கும். நீளத்தில் கால்பங்குத் தூரத்தில் நிற்பவருக்கோ மெலிந்துபோகும். பேஸ் வாசிப்பவன் அந்தக் கால்பங்கில் நின்றுவிட்டால் பாடு முடிந்தது. தன் கருவி கேட்கவில்லையென்று ஒலியைக் கூட்டுவான். சுவரோரம் நிற்கும் பாடகர், "சத்தத்தைக் குறையும் தம்பி, என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை" என்பார். "எனக்கு ஒன்றுமே கேக்கேல்லை அண்ணை" என்பான் இவன். இருவர் சொல்வதும் உண்மை. எத்தனையோ குழுக்கள் இந்த இடத்திலேதான் மனக்கசந்து பிரிந்திருக்கின்றன. இரண்டடி தள்ளி நின்று பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அறைக்குள் இருப்பவர் கவனியாத இந்தக் கருவியே அயல்வீடுகளுக்கு முதலில் எட்டுவது. மேல் ஒலிகளைச் சுவரும் கதவும் தடுத்துவிடும்; கீழ் ஒலி அவற்றை ஊடுருவிப் போகும். மறுநாள் காலை வேலியோரத்தில் நின்று ஓர் ஆச்சி, "தம்பியவை, பாட்டு ஒண்டும் விளங்கேல்லை, நெஞ்சுக்கை மட்டும் இடிக்குது" என்றால், அவர் முறைப்படுவது பாடகரைப் பற்றியன்று.

தாளத்துக்குத் துணை நிற்பதோடு பேஸின் கடமை முடிவதில்லை. மேலே பாடப்படும் சுரத்துக்குப் பொருள் கொடுப்பதும் அதுவே. பாடகர் சங்கராபரணச் சுரங்களில் காந்தாரத்தைப் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே சட்சம் ஒலித்தால் அக்காந்தாரம் மலர்ந்து தெளிவாக நிற்கும். அவர் அசையாமல் நிற்க, கீழே தைவதத்துக்கு இறங்கினால், அதே காந்தாரம் அத்தைவதத்துக்குப் பஞ்சமமாகிவிடுகிறது. முகத்தில் ஒரு நிழல் படிந்தாற்போல் பாட்டின் நிறம் மாறும். பாடகர் எதையும் மாற்றவில்லை. மாற்றியவன் பின்வரிசையில் நிற்கிறான். தமிழ்த் திரைப்படத்தில் 1976 இல் அன்னக்கிளி மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ் தானே ஒரு தனி மெட்டுப்போல் நடப்பதைக் காணலாம். நம் இளைஞர்கள் இக்கருவியின்மேல் ஆசை கொள்வதற்கு அப்பாடல்களே பெருங்காரணம் எனலாம். ஆனால் அந்நடையை முதல் நாளே பின்பற்ற முயல்வது, அரிச்சுவடி முடியாமல் அந்தாதி இயற்றுவதைப் போன்றது.

அமெரிக்காவிலே டிட்ராயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் 1960களில் எண்ணிறந்த பாடல்களுக்கு பேஸ் வாசித்தார். வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவாராம். உலகமெங்கும் மக்கள் அப்பாடல்களுக்கு ஆடினர். வாசித்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. 1971 இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றின் உறையிலேதான் அது அச்சேறியது. அவர் 1983 இல் காலமானார். அப்பெயர் பரவலாகப் பேசப்பட்டது அதற்குப் பின்னரே.

புளியங்கூடலுக்குத் திரும்புவோம். 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கடல்கடந்து போயினர். திரும்பி வந்தவர் ஒரு பகுதியினர். ஆகவே அங்கே ஒரு குழு அமைப்பதென்றால் ஆறு பேரைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. பாடகர் இல்லையென்றால் பட்டினத்திலிருந்து ஒருவரை ஓர் இரவுக்கு அழைக்கலாம். அழைத்து வந்தவர் அன்றே நன்றாகப் பாடியும் விடுவார். பேஸ் வாசிப்பவரை அப்படி அழைத்து வருவதில் பயன் குறைவு. எந்த இடத்தில் இந்தப் பாடகர் மூச்செடுப்பார், எந்த வரியில் இந்த ட்ரம்ஸ்காரர் ஓட்டமெடுப்பார் என்பதெல்லாம் பல மாலைகள் அருகில் நின்றவனுக்கே தெரியும். அவன் வேலை தேடி வெளிநாடு போகும் நாளில், ஆள் தேடுவதைவிட எளிய வழியொன்று குழுவின் முன் நிற்கிறது. கீபோட்டின் இடக்கையால் கீழ்ச்சுரத்தை வாசித்துவிடலாம். அல்லது முன்பே பதிந்து வைத்த ஒலியை ஓடவிட்டு அதன்மேல் பாடலாம். செலவில்லை, சண்டையில்லை, ஆச்சியின் முறைப்பாடும் குறையலாம். ஒத்து ஊதியவரை மேடையிலிருந்து இறக்கியதும் இதே எளிமைதான். பதிந்த ஒலி பிழை விடாது. ஆனால் பாடகர் உணர்ச்சி வசப்பட்டு ஓர் அடியை இழுத்துப் பாடினால், அவருக்காக அது காத்து நிற்கவும் மாட்டாது. அவர்தாம் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும்.

சில குழுக்கள் அந்த எளிய வழியை நாடாமல், ஊரில் உள்ள பள்ளி மாணவன் ஒருவனைப் பிடித்து நிறுத்துவதுண்டு. பதினாறு வயது இருக்கும். கிற்றார் கேட்டு வந்தவன். பேஸ் கிடைத்ததில் முகம் வாடியிருக்கும். விவரமறிந்த ட்ரம்ஸ்காரர் ஒருவர் அவனைப் பாட்டுக்கு விடமாட்டார். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன வேளையில் அவனைத் தம் காலுக்கு அருகே நிறுத்தி, ஒரே தந்தியை, ஒரே சுரத்தை, முரசு விழும்போது மட்டும் மீட்டச் சொல்வார். பத்து நிமிடம் போகும். கோயில் மணி கேட்டால் நிறுத்தி, பூசை முடிந்தபின் மீண்டும் தொடங்குவார்கள். "வேறை சுரம் எப்ப அண்ணை?" என்று அவன் கேட்பான். "இது விழட்டும்" என்பார் அவர், தம் காலைப் பார்த்தபடி.