அந்நியர் ஆட்சியிற் சைவம்



திருவிழாக் காலத்தில் மேளம் முழங்க, தீபம் விளங்க, அச்சமின்றிக் கூடித் தொழுகின்றோம். இவ்வாறு தொழுவதே குற்றமாயிருந்த காலம் ஒன்று உண்டு. அதனை அறிந்தாலன்றி இப்பேற்றின் அருமை விளங்காது. ஆதலின் யாழ்ப்பாணத்துச் சைவர் வரலாற்றைச் சிறிது சிந்திப்போம்.

1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. பின்னர்த் திருக்கோணேச்சரமும் இடிந்தது; அதன் கற்கள் கோட்டை மதிலாயின.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இவர்கள் கடப்பாரையினும் பதிவேட்டையே மிகுதியும் நம்பினர். ஞானஸ்நானம் பெற்றவர்க்கே அரசாங்க உத்தியோகம். திருமணம் தேவாலயத்திற் பதியப்பட வேண்டும். பிள்ளை பாடசாலைக்கு வாராவிடிற் பெற்றோர்க்குத் தண்டம். வாள் ஒருமுறை அச்சுறுத்தும். பதிவேடோ பிறப்பு முதல் இறப்பு வரை பின்தொடரும்.

நம் முன்னோர் யாது செய்தனர்? ஞானப்பிரகாசர் என்பார், தம் வீட்டுப் பசுவை அதிகாரிக்கு உணவாகக் கொடுக்கும் முறை வந்தபோது, இரவோடிரவாக ஊரைத் துறந்து சிதம்பரம் சேர்ந்தார் என்பது மரபு. அங்கு அவர் பெயரால் விளங்கும் திருக்குளத்தை இன்றும் காணலாம்.

ஊரைத் துறக்க இயலாதவர் வெளியே ஒரு பெயரும் உள்ளே ஒரு நெறியுமாக வாழ்ந்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் அதுவே சாட்சியாகும் என்று அஞ்சி, கூரை இடுக்கிற் செருகி வைத்தனர் என்பர். அவர்களைக் கோழைகள் என்று இகழலாமா? அந்த இலையை மறைத்த கைகளன்றோ நெறியைக் காத்தன! 1734இல் நல்லூர்க் கோயிலை மீண்டும் எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியார், ஒல்லாந்தர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். தொன் யுவான் என்னும் பெயரும் தாங்கியவர்.

1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. காலப்போக்கிற் பழைய தடைகள் நீங்கின. ஆயினும் ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் பெரும்பாலும் மிஷன் பாடசாலை வழியே கிட்டின. இதன் வலிமையை உள்ளிருந்தே உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியார் நடத்திய பாடசாலையிற் கற்று, ஆங்கே கற்பித்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். பாதிரியாரை அவர் பகைத்திலர். அவர்தம் முறையைக் கற்றுக்கொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சியந்திரம் நிறுவினார், பாலபாடம் எழுதினார். 1864இற் சிதம்பரத்திலும் பாடசாலை கண்டார்.

அன்பர்களே, இதில் நாம் கொள்ள வேண்டியது ஒன்று. கோயில் இடிந்தால் மீண்டும் எழும். கோணேச்சரத்தில் மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் 1950இல் வெளிப்பட்டன. 1963இற் குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஆனால் பிள்ளையின் நெஞ்சில் நெறி அற்றுவிட்டால் எந்தச் சிற்பி அதனை எழுப்புவான்? அன்று தடுக்க அதிகாரி இருந்தான். இருந்தும் தாய்மார் ஒளித்துவைத்தேனும் கற்பித்தனர். இன்று தடுப்பார் எவருமிலர். நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்தது எவ்வளவு? இவ்வினாவை ஒவ்வொருவரும் இல்லத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்.