கைகொடுத்தலும் கண்காணித்தலும்



தனியார் நடத்தும் பெருந்தொழில் ஒன்று நொடித்துப் போகுமாயின், பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டு அதனைத் தூக்கி நிறுத்துதல் முறையாகுமா? இலாபம் வந்த காலத்திற் பங்காளர் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டனர். நட்டம் வந்த காலத்தில் மட்டும் ஊரார் சுமக்க வேண்டுமோ? அமெரிக்க ஐக்கிய நாட்டின் மோட்டார்த் தொழில் இவ்வினாவை அந்நாட்டு மக்கள்முன் இருமுறை வைத்தது.

முதலாவது, கிறைஸ்லர் கொம்பனியின் கதை. 1980 ஆம் ஆண்டு சனவரியிற் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டப்படி, அக்கொம்பனி பெறும் 150 கோடி டொலர் வரையான கடனுக்கு அரசாங்கம் பிணை நின்றது. அப்பிணையும் நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. தொழிலாளர் தம் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தனர். கடன் கொடுத்த வங்கிகளும் விட்டுக்கொடுத்தன. 1983 இல், தவணைக்கு ஏழாண்டு முன்னரே கடன் தீர்ந்தது.

இரண்டாவது நெருக்கடி 2008 ஆம் ஆண்டில் வந்தது. வங்கிகள் தளர்ந்தன, வண்டி வாங்குவோர் குறைந்தனர். ஆண்டிறுதியிற் சனாதிபதி ஜோர்ஜ் புஷ், ஜெனரல் மோட்டர்ஸ், கிறைஸ்லர் ஆகிய இரண்டுக்கும் 1,740 கோடி டொலர் கடன் ஒதுக்கினார். அடுத்து வந்த பராக் ஒபாமாவின் அரசாங்கம், 2009 இல் ஜெனரல் மோட்டர்சின் தலைவரைப் பதவி விலகச் செய்தது. வங்குரோத்து நீதிமன்றத்தின் வழியாகக் கொம்பனியைச் சீரமைத்து, ஐந்தில் மூன்று பங்குக்குத் தானே உரிமை பூண்டது. 2013 டிசம்பரிற் கடைசிப் பங்கையும் விற்றபோது, இட்ட ஏறத்தாழ 5,000 கோடி டொலரில் 1,000 கோடிக்கு மேற்பட்ட தொகை திரும்பி வரவில்லை.

அது வீண்செலவென்று கூறிவிடலாகாது. பெரிய ஆலை மூடுண்டால், அதற்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகளும் மூடுண்டுபோம். அப்பட்டறைகளையே நம்பியிருந்த ஃபோர்ட் கொம்பனி, அந்த மீட்புக் கடனைத் தான் பெறாதபோதும், போட்டியாளர்க்காகப் பரிந்து பேசியது.

ஆயின், கணக்கேட்டில் எழுதப்படாத நட்டம் ஒன்றுண்டு. 2014 இல் அதே ஜெனரல் மோட்டர்ஸ் ஏறத்தாழ 26 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு மீள அழைத்தது. வண்டி ஓடும்போதே திறப்பு நிலைபெயரும், இயந்திரம் நின்றுபோம், மோதும் வேளையில் உயிர்காக்கும் காற்றுப்பையும் விரியாது. இக்குறையினால் 124 பேர் மாண்டனர் என இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. கொம்பனிக்குள்ளே பத்தாண்டுக்கு மேலாகச் சிலர் இக்குறையை அறிந்திருந்தனர். வீதிப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் அரசாங்கப் பகுதியில், 2007 இல் விசாரணை வேண்டுமென ஓர் அதிகாரி கூறியும் அது தொடங்கப்பெறவில்லை. இத்தகைய குறைகளிலிருந்து மக்களைக் காப்பதற்கென்றே 1966 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அரசாங்கமே உரிமையாளராயிருந்த காலத்திலும் குறை வெளிப்படவில்லை.

பாடசாலை அதிபராகிய எனக்கு இதில் ஒரு படிப்பினை தெரிகின்றது. வறிய மாணவனுக்கு உதவிப்பணம் வழங்குவது ஒருநாட் செயல். அவனது வரவு இடாப்பைப் பார்ப்பது அன்றாடக் கடமை. முன்னதற்குப் பாராட்டுண்டு, பின்னதை எவரும் கவனிப்பதில்லை. எனினும், மாணவன் கரைசேர்வது பின்னதனாலேயே.

தொழில்களுக்கும் இஃதொக்கும். வீழும் வேளையிற் கைகொடுப்பது அரசாங்கத்தின் உரிமையாயின், நிமிர்ந்து நடக்கும் வேளையிலும் கண்காணிப்பது அதன் கடன். கொடுத்த பணம் திரும்பி வருதல் கூடும். போன உயிர் திரும்பி வருவதில்லை.